கதவு திறக்கிற ஆள்

அமீர் ஜானின் ஜீப் வாசலில் வந்து நின்றபோது நான் களத்தில் மிளகைக் கிளறிவிட்டுக்கொண்டிருந்தேன். ஏற்காடு ஒண்டிக்கடையில் மளிகை வைத்திருக்கும் அமீர் ஜான், காரியமில்லாமல் கிளியூர் வரைக்கும் டீசல் எரிக்கிறவன் அல்ல. வழக்கமாக வண்டி நிற்பதற்குள் குதித்து இறங்கி வணக்கம் சொல்லுவான். அன்று அவன் இறங்காமல், பக்கத்தில் இருந்த ஆளை முதலில் இறங்கவிட்டான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை. இறங்கியவன் ஆறடிக்கு மேல் இருந்தான். நிறம் எங்கள் மலைக்காரன் நிறம். உடுப்பும் நிற்கிற விதமும் வெளிநாடு. புருவத்தைக் குறுக்கே வெட்டிய ஒரு தையல் தழும்பு, மேலுதட்டில் ஒன்று, தாடையோரம் நீளமாக இன்னொன்று. மூக்கு ஒரு தடவைக்கு மேல் உடைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. எஸ்டேட்டில் முப்பத்தொரு வருடம் ரைட்டராக இருந்து, முகத்தைப் பார்த்தே ஆளைச் சேர்த்துக்கொண்டவன் நான். இந்த முகத்தை கேட்டுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டேன்.

"ரைட்டரய்யா, விருந்தாளி வந்திருக்காருங்க, கனடாவுலருந்து," என்றான் அமீர் ஜான், ஸ்டியரிங்கை விடாமலே. "உங்க பேரச் சொல்லித்தான் கேட்டாருங்க."

"எம்பேரு கனடா வரைக்கும் போயிருக்குதாக்கும்?"

"போயிருக்குதுங்களே. காயிதத்துல இருக்குதுங்க. கையெழுத்து அச்சு உங்களுதுதானுங்க. கடையில எத்தன சீட்டு பாத்திருக்கறேன்."

அந்த ஆள் காகிதத்தை நீட்டினான். நகல்தான். எட்டு மாத ஆண் குழந்தை. தகப்பன் பெயர் இல்லை. தாய் இறந்துவிட்டாள். ஒப்படைத்தவர், தாய்மாமன், கிளியூர் ஐயாக்கண்ணு. கீழே என் கையெழுத்து, 1961 என்ற வருடத்தோடு. அப்போதெல்லாம் நான் பெயருக்கு அடியில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைப்பேன். இரண்டு புள்ளியும் இருந்தன.

"நீ ஜீப்புலயே இரு," என்றேன் அமீர் ஜானிடம்.

"இருக்கறனுங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லீர்றேன். இவரு ஐசு மேல ஹாக்கி ஆடற ஆளாமுங்க. அதுக்குச் சம்பளமாமுங்க. எங்கடையில ஐசுப் பொட்டிய எறக்கி வெக்கறதுக்கே ஆளு கெடைக்க மாட்டேங்குது."

நான் சிரிக்கவில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் தங்கை அத்தாயி சாகவில்லை. கல்யாணமாகாத பெண், கீழேயிருந்து லாரி ஓட்டிக்கொண்டு வந்துபோன ஒருவனால் பிள்ளை பெற்றாள். ஊர்க் கூட்டம் கூடியது. சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து போகிற முதல் பூசைத் தட்டு எங்கள் வீட்டுத் தட்டு. என் பாட்டன் தூக்கியது, அப்பன் தூக்கியது. அதைப் பிடுங்கிக்கொள்ளக் காத்திருந்தவர்கள் அந்தக் கூட்டத்தில் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை இந்த மண்ணில் வளரக் கூடாது, அவள் ஒதுங்கி இருக்க வேண்டும், வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று முடிவானது. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது சேலத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனவன் நான். காய்ச்சல் மூன்றாம் நாள் விட்டது. அங்கே இருந்த சாந்தாமேரி என்ற நர்ஸ், பிள்ளையில்லாத ஒரு வெள்ளைக்காரத் தம்பதியைப் பற்றிச் சொன்னாள். நான் வெறுங்கையோடு திரும்பினேன். அத்தாயியிடம் பிள்ளை போய்விட்டது என்றேன். காகிதத்தில் தாய் போய்விட்டாள் என்று எழுதியிருந்தேன். ஒரே நாளில் இரண்டு சாவு. தட்டு எங்கள் வீட்டிலேயே இருந்தது.

இருபத்தெட்டு வருடமாக அத்தாயி காப்பித் தோட்டத்தின் கீழ்க்கோடியில் ஒரு குடிசையில் இருக்கிறாள். நடுப்பகலில் வீட்டின் பின்பக்கம் மூங்கில் படலுக்கு வெளியே வந்து நிற்பாள். என் மனைவி வெள்ளையம்மாள் படலுக்கு மேலாகச் சோற்றுச் சட்டியைக் கொடுப்பாள். நான் அந்தப் பக்கம் போவதில்லை.

அப்போது மணி பத்தரை. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் இந்த ஆளை மலையிறக்கிவிட வேண்டும்.

நாற்காலி போடச் சொன்னேன். தன் பெயர் மார்ட்டின் ஹெஸ்லப் என்றான். ஆங்கிலத்தில்தான் பேசினான், துரைமார்களோடு பழகிய காதுக்கு அது புரிந்தது. ஆனால் நான் பேச்சைவிட அவன் கண்ணைத்தான் கவனித்தேன். அது சில்வர் ஓக் மரங்களின் உச்சிக்குப் போனது. மிளகுக் கொடியில் இறங்கியது. வேலி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. "இதெல்லாம் எத்தனை ஏக்கர்?" என்று கேட்டான். வந்த காரியம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அத்தாயியின் பங்கு. யாரோ சேலத்து வக்கீல் காகிதத்தைத் தோண்டிக் கொடுத்திருக்கிறான்.

"கொஞ்சம்தான்," என்றேன். "நீ என்ன வேலை செய்கிறாய்?"

சொன்னான். ஐந்து வயதில் அவனை வளர்த்தவர் வீட்டுக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சி உறையவிட்டு, அடியில் கத்தி வைத்த பூட்ஸை மாட்டிவிட்டாராம். பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவன் பன்னிரண்டு வருடம் ஊர் ஊராக ஆடியிருக்கிறான். முன்வரிசை, இடது பக்கம். எதிராளியின் வலைக்குள் ரப்பர் வில்லையை அடிக்க வேண்டிய இடம். பெரிய ஆட்டத்தில் அவன் இருந்தது ஒரு சீசனும் கொஞ்சமும்தான். மற்றதெல்லாம் சின்ன ஊர்கள், அவற்றுக்கு நடுவே பஸ். பஸ்ஸிலேயே தூங்கி, பஸ்ஸிலேயே தின்று, இறங்கி ஆடிவிட்டு மறுபடி பஸ். இந்தக் குளிர்காலத்தில் முழங்கால் மூன்றாவது தடவையாகப் போய்விட்டது. இனி ஆட முடியாது.

பெரிய ஆட்டக்காரன் என்றால் எதற்குப் பஸ்? முழங்கால் போனவனுக்கு வருமானம் ஏது? என் சந்தேகம் ஒரு படி ஏறியது.

வெள்ளையம்மாள் காப்பி கொண்டுவந்தாள். அவன் எழுந்து நின்று இடது கையால் டம்ளரை வாங்கினான். நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். வெள்ளையம்மாள் திருப்பவில்லை. சின்ன வயதில் அத்தாயி இடது கையை நீட்டும்போதெல்லாம் அப்பன் அந்தக் கையில் விளாரால் அடிப்பார். கை மாறவே இல்லை.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்துக் கொடுத்தான். சீட்டுக்கட்டு அளவு. ஆட்டக்காரர்களின் படம் போட்டு அந்த நாட்டில் பிள்ளைகளுக்கு விற்பார்களாம். படத்தில் அவன் ஆடவில்லை. நான்கு பக்கமும் கண்ணாடி வைத்த ஒரு கூண்டுக்குள் தனியாகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். புருவத்திலிருந்து ரத்தம். கண்ணாடிக்கு அப்பால் ஆயிரம் முகங்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.

"இது எந்தக் கோர்ட்?" என்று கேட்டேன்.

முதலில் விளங்காமல் என்னைப் பார்த்தான். பிறகு சிரித்தான். முன்பல் நாலும் கட்டின பல் என்பது அப்போது தெரிந்தது.

"கோர்ட் இல்லை. ஆட்டத்தில் தப்புச் செய்தால் அங்கே உட்கார வேண்டும்."

"என்ன தப்பு?"

"காலை வாரினால் இரண்டு நிமிடம். சண்டை போட்டால் ஐந்து நிமிடம்."

"நீ?"

"பெரும்பாலும் ஐந்து," என்றான். அவர்கள் அணியில் கோல் போடுகிற கெட்டிக்காரன் ஒருவன் இருந்தானாம், சின்ன உடம்பு. எதிர் அணியில் யாராவது அவனை அடித்தால் இவன் கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் போய் அந்த ஆளை அடிக்க வேண்டும். "அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள். கோல் போட நூறு பேர் கிடைப்பார்கள். எங்கள் ஆளை எவனும் தொடக் கூடாது என்று பார்த்துக்கொள்ள ஒருவன் வேண்டும்."

அவன் சொன்னதில் முதல்முறையாக எனக்கு விளங்கிய வேலை அது. அதனாலேயே எச்சரிக்கையானேன். மனசு இளகுகிற இடம் பார்த்துப் பேசுகிறவர்களை எஸ்டேட்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அட்டையைத் திருப்பினேன். இடது கை ஆட்டம். பிறந்த ஊர், ஏற்காடு, இந்தியா. கனடாவில் பிள்ளைகளுக்கு விற்கிற அட்டையில் எங்கள் ஊர் அச்சில் இருந்தது. நாற்பத்தொரு ஆட்டம், மூன்று கோல், தண்டனை தொண்ணூற்றேழு நிமிடம்.

"ஐந்து நிமிடம் ஆன பிறகு?"

"திரும்பி வந்து ஆட வேண்டியதுதான்."

"எல்லாரும் பார்க்க? அதே ஆட்டத்திலா?"

"அதே ஆட்டத்தில். தண்டனை முடிந்துவிட்டதே."

"ஒத்துக்கொள்வார்களா?"

"யார் ஒத்துக்கொள்ள வேண்டும்? கூண்டுக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நேரம் முடிந்ததும் கதவைத் திறப்பார்."

"திறக்காவிட்டால்?"

அவன் மறுபடி சிரித்தான். நான் வேடிக்கைக்குக் கேட்கிறேன் என்று எண்ணியிருப்பான். "திறக்காமல் எப்படி? அந்த ஆளுக்கு வேறு வேலையே இல்லை."

மணி பதினொன்றரை ஆகிவிட்டது. எழுந்து நின்றேன். அவனும் எழுந்தான், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. "நிலம் கேட்டு வரவில்லை," என்றான், நான் கேட்காமலே. "நீங்கள் வேலியையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு ஒன்றும் வேண்டாம். அம்மாவைப் புதைத்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறேன்."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. காகிதத்தில் எழுதிய சாவுக்குக் குழி தோண்ட வேண்டும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. காடு மூடிவிட்டது என்றேன். நடக்கிறேன் என்றான். திருவிழாவுக்குக் காப்புக் கட்டியிருக்கிறோம், அந்தப் பக்கம் போனால் தீட்டு என்றேன். காப்பு இன்னும் கட்டவில்லை. அவன் உடனே தலையாட்டினான், மரியாதையாக. வளர்த்தவர்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறார்கள்.

"அவள் எனக்குப் பெயர் ஏதாவது வைத்தாளா?"

மாதப்பன் என்று வைத்தாள். எட்டு மாதமும் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டாள்.

"தெரியாது," என்றேன்.

அட்டையை என் கையிலேயே வைத்து மூடினான். "திருவிழா முடிந்ததும் அந்த இடத்தில் வைத்துவிடுங்கள்." பிறகு, கீழே வளைவில் ஜீப்பை நிறுத்திக் கொஞ்ச நேரம் இந்தச் சரிவைப் பார்த்துவிட்டுப் போகலாமா என்று கேட்டான். ரோடு என்னுடையதல்ல, நான் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

ஜீப் இறங்கியது. வளைவில் இன்ஜின் நின்ற சத்தமும் கேட்டது. நான் உள்ளே போய் வெள்ளையம்மாளிடம், வந்தவன் எஸ்டேட் விலை விசாரிக்க வந்தவன் என்றேன். அவள் அடுப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அத்தாயியின் சட்டி, சோறு போட்டு மூடித் தயாராக இருந்தது.

"ஏனுங்க, அந்தக் கையப் பாத்தீங்களா?" என்றாள்.

"எந்தக் கைய?"

"நொம்ப நாளைக்கு முன்ன ஒருக்காக் கேட்டனுங்க, ஆசுபத்திரியில செத்த புள்ளைக்கு, சுத்திக் கொண்டுபோன அத்தாயி சீல ஏனுங்க திரும்பி வரலைன்னு. நீங்க எரிச்சுட்டாங்கன்னு சொன்னீங்க. அன்னைக்கு நானு வாய மூடிக்கிட்டேன்."

"இன்னைக்கும் மூடு."

"மூடிக்கறனுங்க. பேசறதுக்கு என்ன இருக்குது." சட்டியை என் பக்கம் தள்ளினாள். "ஆனா இன்னைக்கு நானு படலுக்குப் போக மாட்டேன். எம்மூஞ்சியப் பாத்தா அவ கண்டுபுடிச்சுருவா. நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

கல்யாணமான முப்பத்தாறு வருடத்தில் அவள் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. அவளை அதட்ட வாயெடுத்தேன். பின்பக்கம் மூங்கிலில் சட்டி மூடி தட்டுகிற சத்தம் கேட்டது, இரண்டு தட்டு. அத்தாயி கூப்பிடுகிற விதம் அதுதான் போலிருக்கிறது. எனக்கு அது அதுவரை தெரியாது.

சட்டியை எடுத்துக்கொண்டு போனேன். படலுக்கு அப்பால் நின்றாள். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கி, சேலையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். பிறகு நேற்றைய காலிச் சட்டியை நீட்டினாள், இடது கையால். நீட்டியவள் நினைவு வந்தாற்போலச் சட்டென்று வலது கைக்கு மாற்றினாள்.

"அண்ணிக்கு ஒடம்பு சரியில்லீங்களாண்ணா?" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கறா."

"ஊட்டுக்கு யாரோ வந்த மாதர இருந்துது. ஜீப்பு இன்னும் வளைவுலயே நிக்குதுங்களே. யாருங்ண்ணா?"

பையில் அந்த அட்டையின் முனை நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தது. மலைச்சரிவு நெடுக இறங்கிக் கிடந்த காப்பிச் செடிகளுக்கு அப்பால், கீழே வளைவில், ஜீப்பின் கூரை வெயிலில் மின்னியது. அதன் பக்கத்தில் ஒரு ஆள் நின்றான். அந்தத் தூரத்தில் முகத்தின் தையல்கள் தெரியவில்லை. நின்ற வாகு மட்டும் தெரிந்தது. அமீர் ஜான் இன்ஜினைக் கிளப்பினான். கிளம்பலாமா என்று கேட்பதுபோல ஒருமுறை ஹாரன் அடித்தான்.

அத்தாயி சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். நான் சட்டியைத் தரையில் வைத்தேன். படலைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்டிய கயிறு வெயிலிலும் மழையிலும் கறுத்துக் கிடந்தது. அதில் கை வைத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் நான் தொடாத கயிறு. அந்த முடிச்சு எந்தப் பக்கம் இழுத்தால் அவிழும் என்று எனக்குத் தெரியவில்லை.