முன்னால் போகிறவன்

நெட்டைக்குக் காலையிலிருந்தே இடது தோள்பட்டை எரிந்தது. பத்து மணிக்குள் பன்னிரண்டு கண்ணாடி. ஆளுயரக் கண்ணாடியை இருவர் தூக்கும்போது பின்னால் வருகிறவனுக்குத் தரை தெரியாது. கிடங்கு வாசலில் மூன்று படி. முன்னால் போகிறவன் ஒவ்வொரு படிக்கும் "படி" என்று குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பின்னவன் அந்தரத்தில் கால் வைப்பான்.

நெட்டைக்குப் பின்னவர் அவன் தங்கச்சி புருஷன். எந்த கிரிக்கெட் மேட்சில் யார் எத்தனை அடித்தான் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார் என்பதால் கிடங்கில் அவர் பெயர் ஸ்கோர்.

பதின்மூன்றாவது கண்ணாடியைத் தூக்கியதும் ஸ்கோர் ஆரம்பித்தார்.

"மச்சான், ஒன்டேன்னா ரெண்டாயிரத்து மூணு ஆஸ்திரேலியாதான். உலகக் கோப்பையில ஒரு மேட்ச் தோத்தாங்களா?"

"எழுபத்தஞ்சு, எழுபத்தொன்பது வெஸ்ட் இண்டீஸ் மட்டும் தோத்தாங்களா மாப்ள?"

"அப்ப நீங்க பொறக்கவே இல்ல. நேர்ல பாத்த மாதிரி அளக்காதீங்க."

"நான் நேர்ல பாத்தது உங்க கல்யாணக் கூத்தத்தான் மாப்ள!"

ஸ்கோர் சிரித்தார். நெட்டைக்கு ரோஷம் ஏறிவிட்டது.

"எங்க வெஸ்ட் இண்டீஸ் ரிச்சர்ட்ஸ் ஹெல்மெட்டே போடாம ஆடினவன். உங்க ஆளுங்க அவனுக்குப் பந்து போடட்டும், பாக்கலாம்..."

பேசிக்கொண்டே முதல் படியில் இறங்கிவிட்டான். குரல் கொடுக்க வேண்டிய வாயில் ரிச்சர்ட்ஸ் நின்றார். பின்னால் ஒரு சத்தம். கண்ணாடி சரிந்து நொறுங்கியது. ஸ்கோர் மணிக்கட்டைப் பிடித்தபடி படியில் உட்கார்ந்திருந்தார். விரல் இடுக்கில் ரத்தம்.

மேஸ்திரி ஓடி வந்தார். "யாருடா?"

நெட்டை இந்த வருஷம் ஏற்கெனவே இரண்டு உடைத்தவன். மூன்றாவது உடைந்தால் வீட்டுக்குப் போகலாம் என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார். ஸ்கோர் நாலு வருஷத்தில் ஒரு கண்ணாடிகூட உடைத்ததில்லை.

"என் கால்தான் வழுக்கிருச்சு அண்ணே," என்றார் ஸ்கோர். தன்னை மன்னித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருந்தார். ஆனால் உடைந்தது மூன்று மாதமாகக் காத்திருந்து வந்த பெரிய ஆர்டர் கண்ணாடி.

"தையல் போட்டுட்டு அப்படியே வீட்டுக்குப் போ. இனி வராத," என்றார் மேஸ்திரி.

நெட்டை குனிந்து சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

அன்று முழுக்க அவன் ஓரிடத்தில் நிற்கவில்லை. பெருக்கிய இடத்தையே பெருக்கினான். சாயங்காலம் தங்கச்சி வீட்டுக்குப் போனான். தங்கச்சி டீ வைத்துவிட்டு, "வழுக்குற அளவுக்கு அங்க என்னண்ணே இருந்துச்சு?" என்றாள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கோர் குறுக்கே புகுந்தார்.

"அத விடு. மச்சான், யோசிச்சுப் பாத்தேன். ரிச்சர்ட்ஸ என் டீம்ல எடுத்துக்கறேன். மூணாவதா எறங்கட்டும். சரிதானே?"

டீ ஆடை படிந்து கிடக்க நெட்டை எழுந்து போனான்.

மறுநாள் காலை மேஸ்திரி அறை வாசலில் போய் நின்றான்.

"என்னடா?"

"புது கையுறை வேணும்ணே."

வாங்கிக்கொண்டு படியிறங்கினான். பின்னால் இன்று புது ஆள். "படி," என்று கத்தினான். "படி. படி." புது ஆள், "காது கேக்குதுங்க," என்றான்.

மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியது அப்படியே பாக்கி நின்றது: குரல் கொடுக்காதது நான்தான்.