கதவுக்கு முன்னால் ஒரு கேள்வி

டிப்போவில் அவருக்கு வைத்த பெயர் சடன்பிரேக். அவர் வலது காலை அழுத்தினால் கடைசி சீட்டில் தூங்குகிறவர் முதல் சீட்டுக்காரரின் மடியில்தான் கண் விழிப்பார். அப்படி விழுந்த வகையில் இரண்டு கல்யாணங்களே நடந்திருக்கின்றன என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய அந்தக் கால், சர்க்கரையால் கறுத்துப்போய், இப்போது தள்ளுவண்டியில் வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தது.

ஆபரேஷன் அறையின் கதவுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். கோப்போடு நின்றிருந்த நர்ஸ் குனிந்தாள்.

"ஐயா, உங்களுக்கு என்ன ஆபரேஷன்? உங்க வாயால சொல்லுங்க."

"புண்ணைச் சுத்தம் பண்றாங்களாம். மிஞ்சிப்போனா சுண்டுவிரல் போகும்னு மக சொன்னா. போகட்டும், அது இருந்து மட்டும் என்னத்தக் கிழிச்சுது."

நர்ஸ் சிரிக்கவில்லை. கோப்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி கோப்பைப் பார்த்தாள். பேனாவை மூடிப் பையில் செருகினாள்.

"வண்டிய உள்ள விடாதீங்க. டாக்டரக் கூப்பிடுங்க."

கேட்டவுடனேயே ஏதோ சரியில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எதிரே வளைவில் லாரி வருவது கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் காலுக்குத் தெரியுமே, அந்த மாதிரி.

டாக்டர் முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார். "என்னம்மா? வீட்ல எல்லாம் பேசியாச்சு. பொண்ணு கையெழுத்துப் போட்டாச்சு."

"கால் அவங்களோடது இல்லையே சார்," என்றாள் நர்ஸ், குரலை உயர்த்தாமல்.

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"முழங்காலுக்குக் கீழ எடுக்கணும்யா."

"எடுக்கலன்னா?"

"விஷம் மேல ஏறும். ஒரு வாரம் தாங்குறதே சந்தேகம்."

"வேற வழி?"

"ரத்தக்குழாய் அடைச்சுப்போச்சு. திறந்துவிடப் பார்த்தோம், முடியல. எடுத்துட்டா செயற்கைக் கால் வெச்சு நடக்கலாம். ஆனா வேண்டாம்னு சொல்ற உரிமையும் உங்களுக்கு இருக்கு. அத நான் முதல்லயே உங்ககிட்ட வந்து சொல்லியிருக்கணும்."

"மகளக் கூப்பிடுங்க. என் கண்ணாடி அவகிட்டதான் இருக்கு."

மகள் வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. "சொன்னா நீங்க ஒடஞ்சுபோயிடுவீங்கன்னு பயந்தேன்ப்பா."

"முப்பத்தோரு வருஷம் ஊரையே ஏத்திட்டுப் போனேன்மா. எங்க போவுதுன்னு நெத்தியில பலகை மாட்டாம ஒரு நாள் வண்டிய எடுத்திருக்கேனா? என்னை மட்டும் பலகை இல்லாத வண்டியில ஏத்திட்டியே."

அவள் கண்ணாடியை அவர் காதில் மாட்டிவிட்டாள். அவள் கையை அவர் சற்று நேரம் பிடித்திருந்தார்.

பிறகு மகள் கையெழுத்துப் போட்ட சம்மதக் காகிதத்தை வாங்கி ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். புரியாத இடத்தில் விரலை வைத்து நிமிர்ந்தார். டாக்டர் விளக்கினார். உள்ளே எல்லோரும் காத்திருந்தார்கள். டாக்டர் ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் எந்திரிச்சு நிக்கணும்."

நர்ஸ் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் தாங்கினார்கள். கறுத்த பாதத்தைத் தரையில் ஊன்றினார். வலி உச்சந்தலை வரை போயிருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடி, மெல்ல, யாரும் குலுங்காதபடி, ஒருமுறை அழுத்தினார்.

படுத்ததும் பேனா கேட்டார். மகளின் கையெழுத்துக்குக் கீழே தன் பெயரை முழுசாக எழுதினார்.

"இப்பக் கேளும்மா."

நர்ஸ் குனிந்தாள். "ஐயா, உங்களுக்கு என்ன ஆபரேஷன்?"

"வலது கால். முழங்காலுக்குக் கீழ எடுக்கறாங்க. நான்தான் சரின்னு சொன்னேன்."

அவள் கோப்பில் குறித்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.