மூன்றாவது வளைவில் நாச்சாத்தாள்

அந்த ஊர்க் கார்கள் காரணமில்லாமல் ப்ரேக் பிடிப்பதில்லை. ரோட்டில் இது ஒரு குறையாகவே தெரியாது. ஆடு குறுக்கே வரும், வேகத்தடை வரும், பிள்ளையார் கோயில் வரும், தெரிந்தவர்கள் கை காட்டுவார்கள், காரணத்துக்கா பஞ்சம்? ஊருக்குக் கிழக்கே பொட்டல்காட்டில் போட்டிருந்த ரேஸ் டிராக்கில்தான் சிக்கல். அங்கே வழுவழுவென்ற தாரும் நான்கு வளைவுகளும் தவிர ஒன்றும் கிடையாது. வளைவு என்பது ரோட்டின் சொந்த விஷயம். அதில் கார் தலையிடாது.

ஆகவே ரோட்டில் ஓடும் காரை டிராக்குக்குத் தயார் செய்கிறவர்கள், எடையைக் குறைத்து, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, கடைசியாக ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு காரணம் ஏற்பாடு செய்வார்கள். ஏற்பாடு செய்யாமல் போன பல்டாக்டர் ஒருவர் முதல் வளைவில் நேராகப் போய்த் தாராபுரம் சேர்ந்தார். திரும்பி வருவதற்குக் காரணம் கிடைக்காமல் அங்கேயே கிளினிக் வைத்துவிட்டதாகக் கேள்வி.

துளசிமணி பம்ப்செட்டுக்கு வால்வு வார்க்கும் பட்டறை நடத்துகிறவள். மஞ்சள் நிறத்தில், இரண்டே கதவுகளும் பெரிய எஞ்சினும் உள்ள ஒரு கார் வாங்கியிருந்தாள். அதன் மேல் அவளுக்கு இருந்த ஆசையை ஆசை என்று சொன்னால் போதாது. காலையில் கதவைத் திறந்து உட்கார்ந்து, எங்கும் போகாமல் இறங்கி வருவாள். அதிலேயே அவளுக்கு மனசு நிறைந்துவிடும்.

பட்டறையில் பாதிப் பங்குக்காரனான தம்பி குழந்தைவேலுக்குத்தான் அது பொறுக்கவில்லை. கல்யாணம் காட்சி என்றால் வீட்டோடு போக ஏழு பேர் உட்காரும் வண்டி வேண்டும் என்பது அவன் கட்சி. "இதை ஓட்டறதுக்கு டிராக் இருக்குதாமா. அங்க ஒரு சுத்து ஒழுங்கா முடிச்சுக் காட்டுக்கா, அப்பறம் நான் வாயே தொறக்கல. முடிக்கலீன்னா வித்துட்டு வேன் எடுத்துக்கலாம்" என்றான். ஆழம் தெரியாமல் காலை விட்டாள் துளசிமணி. சரி என்று சொல்லிவிட்டாள்.

அந்த டிராக்கில் நேரம் பார்க்கக் கடிகாரம் வைப்பதில்லை. கார் புறப்படும்போது கோட்டோரம் ஒரு கற்பூரம் ஏற்றுவார்கள். அது அணைவதற்குள் சுற்றி வந்து கோட்டைத் தாண்ட வேண்டும்.

காரைத் தயார் செய்யும் வேலையை, டிராக்கில் ஷெட் வைத்திருந்த மெக்கானிக் சேவியர் எடுத்துக்கொண்டார். கைவேலையிலும் சரி, வாய்ப்பேச்சிலும் சரி, ஆள் சளைத்தவரில்லை. ப்ரேக் ஆயிலை மாற்றினார். சூடு தாங்கும் பேடுகள் போட்டார். பின்சீட்டு, கார்பெட், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். இடதுபக்க முன்சீட்டையும் கழற்றினார். முன்னால் தொங்கிய எலுமிச்சை மிளகாயைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று மறுபடி கட்டினார். பிறகு ஷெட்டுக்குள் போய்த் தேடிவிட்டு வந்தார்.

"சீசனுங்க மேடம். காரணமெல்லாம் தீந்துபோச்சு. பிள்ளையார் ஒண்ணு இருக்கறாரு, கோழி நாலு இருக்குது."

"நாலு வளைவுக்கும் பிள்ளையாரையே வெச்சுட்டா என்னங்க?" என்று கேட்டாள் துளசிமணி. பிள்ளையார் சுருக்கமான காரணம். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டால் முடிந்தது.

"எல்லாம் ஒரே பிள்ளையாருதானுங்களே. இப்பத்தான கும்புட்டோம்னு வண்டி போயிருமுங்க."

டீக்கடை வைக்கலாமா என்று யோசித்தார்கள். ஆனால் டீக்கடைக்கு ப்ரேக் பிடித்தால் டீ குடித்தாக வேண்டும். காரணத்தை ஏமாற்றினால் அடுத்த முறை ப்ரேக் நம்பாது. கொதிக்கக் கொதிக்க ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் கற்பூரம் இருந்த இடமே தெரியாமல் போய்விடும். கடைசியில் முதல் வளைவுக்குப் பிள்ளையார், இரண்டாவதுக்குக் கோழிகள் என்று ஒதுக்கினார்கள். மூன்றாவதுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்றார் சேவியர்.

துளசிமணி யோசிக்கவே இல்லை. அவள் அத்தை நாச்சாத்தாள் இருக்கிறாளே. அப்பாவின் தங்கை, பல்லடத்துக்காரி. சொந்தபந்தத்தில் எத்தனையோ வண்டிகள் இருந்தும் ஒன்றில்கூட ஏறாதவள். கல்யாணமோ காதுகுத்தோ, வழியில் யார் கேட்டாலும், "நீங்க போங்க கண்ணு, நா பஸ்ல வந்துக்கறேன்" என்று சொல்லிவிடுவாள். கேட்ட மரியாதையும் ஆயிற்று, மறுத்த மரியாதையும் ஆயிற்று. அதைவிடச் சீக்கிரமாக முடிகிற காரணம் அந்த வட்டாரத்தில் கிடையாது.

நான்காவது வளைவுக்கு ஒன்றும் அகப்படவில்லை. குழந்தைவேல் போலீஸ் உடுப்புப் போட்டு நிற்க, காரைக் கையால் தள்ளிப் பார்த்தார்கள். ஓட்டுகிறவள் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டிருப்பதை அறிந்த கார் அவனைச் சட்டையே செய்யவில்லை. நான்காவது வளைவில் நேராகப் போனால் எந்த ஊர் வரும் என்று யாருக்கும் தெரியாது. போனவர்களிடமிருந்து போன் வரவில்லை. பாதிக் கிணறு தாண்டுவது என்பார்களே, இவர்கள் முக்கால் கிணறு வரை வந்து நின்றார்கள்.

"மூணு சரியா அமைஞ்சா நாலாவது தானா வருமுங்க" என்றார் சேவியர். அப்படி வந்ததை அவர் பார்த்ததில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஒத்திகைக்கு நாச்சாத்தாளைக் கூட்டி வந்து மூன்றாவது வளைவோரம் நிறுத்தினார்கள். துளசிமணி வந்தாள், "ஏறிக்குங்க அத்தை" என்றாள், அத்தை மறுத்தாள். எல்லாம் சரிதான், ஆனால் கார் பாதி வேகம்தான் குறைந்தது. பின்பக்கம் வழுக்கிக்கொண்டு புல்லில் இறங்கியது. சேவியர் புல்லில் பதிந்த தடத்தைக் குனிந்து பார்த்தார்.

"ஒப்புக்குக் கேட்டிருக்கறீங்க மேடம். மனசாரக் கேட்டாத்தான் முழு ப்ரேக்கும் பிடிக்கும்."

டிராக் நாள் வந்தது. வெயில் உறைத்தது. நிற்க முடியாது என்று அத்தைக்குக் கழற்றிய முன்சீட்டையே வளைவோரம் போட்டுக் கொடுத்தார் சேவியர். விதிப்படி தலையில் ஒரு ஹெல்மெட்டையும் மாட்டினார். கொண்டை இடித்ததால் அது கொஞ்சம் முன்னால் சரிந்திருந்தது. நாச்சாத்தாள் மடியில் பையை வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

கோட்டில் குழந்தைவேல் கற்பூரத்தை ஏற்றினான். கார் பாய்ந்தது. முதல் வளைவில் துளசிமணி பிள்ளையாரைக் கும்பிட்டாள். கார் பணிந்து திரும்பியது. இரண்டாவதில் மூன்று கோழிகள் கடந்துபோயின. நான்காவது கோழி நடுவழியில் மனம் மாறித் திரும்பிப் போயிற்று, அதற்கும் காத்திருந்தாள். மூன்றாவது வளைவில் அத்தையைப் பார்த்ததும் ப்ரேக்கை அடிவரை மிதித்தாள். கார் அடங்கி நின்றது. வெயிலில், சரிந்த ஹெல்மெட்டுக்குள் அந்த முகத்தைப் பார்த்தபோது அவளுக்கு நிஜமாகவே இரக்கமாக இருந்தது.

"ஏறிக்குங்க அத்தை" என்றாள்.

நாச்சாத்தாள் எழுந்தாள். "சரி கண்ணு. அப்படியே ஊட்டுல எறக்கி உட்ரு" என்றாள்.

சீட்டையும் தூக்கிக்கொண்டு வந்து, இருந்த இடத்தில் வைத்து, ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். துளசிமணிக்கு அழுகை முட்டியது. எடை ஏறிவிட்டது. நேரம் போய்விட்டது. கற்பூரம் இந்நேரம் கரைந்திருக்கும்.

"எப்பவும் பஸ்ஸுன்னு சொல்லுவீங்களே அத்தை."

"கேக்கறவங்கெல்லாம் வண்டிய உருட்டிக்கிட்டேதான அம்மிணி கேப்பாங்க. ப்ரேக்க முழுசா மிதிச்சுக் கேட்டது நீ ஒருத்திதான்."

துளசிமணி ஆக்சிலேட்டரை அழுத்தினாள். நான்காவது வளைவு எதிரே வந்தது. அங்கே ஆடில்லை, கோழியில்லை, சாமியில்லை. அதற்கப்பால் பெயர் தெரியாத ஊர் ஒன்று மங்கலாக இருந்தது. அவள் ப்ரேக்கை மிதித்தாள். எதற்கு என்பது போலக் கார் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது நாச்சாத்தாள், பக்கத்தில் உட்கார்ந்து வருகிற எல்லோரையும் போல, பெடலே இல்லாத வெறுந்தகரத்தில் தன் வலது காலை ஓங்கி மிதித்தாள்.

கார் பிடித்தது. அப்படி ஒரு ப்ரேக்கைத் துளசிமணி அதுவரை கண்டதில்லை. மூக்கு இறங்கி, நான்கு டயர்களும் தாரைக் கவ்வி, கார் வளைவை ஒட்டித் திரும்பிற்று. "மெதுவாப் போ கண்ணு" என்றாள் அத்தை. துளசிமணி மெதுவாகப் போகவில்லை.

கோட்டோரம் குழந்தைவேல் மண்டியிட்டிருந்தான். காற்று கிளம்பியிருந்தது. இரண்டு கைகளையும் குவித்துச் சுடரை மூடிக்கொண்டிருந்தான். உள்ளே நீலமாக ஒரு பொட்டு மிச்சமிருந்தது. கார் கோட்டைத் தாண்டியது. அதன் பிறகுதான் அது அணைந்தது.

தம்பி நிற்கிறான் என்ற காரணத்துக்குக் கார் ஒழுங்காக நின்றது. அவன் உள்ளங்கை இரண்டும் சிவந்திருந்தன.

"அணையட்டும்னு உட்டிருக்கலாமே சாமி. வேன் எடுத்திருக்கலாம்" என்றாள் துளசிமணி.

"கையில இருக்கற கற்பூரத்த எப்படிக்கா அணைய உடறது" என்றான். அவனுக்கே தன் மேல் கொஞ்சம் எரிச்சல் இருந்தது.

துளசிமணி காலை ப்ரேக்கிலிருந்து எடுக்காமல், மனசாரக் கேட்டாள். "ஏறிக்கடா. அத்தைய உட்டுட்டு எல்லாரும் சேந்து ஊட்டுக்குப் போலாம்."

அவன் குனிந்து உள்ளே பார்த்தான். இரண்டு சீட்டிலும் ஆள் இருந்தது.

"நீங்க போங்கக்கா" என்றான். "நா பஸ்ல வந்துக்கறேன்."

முதல் வளைவுப் பக்கமிருந்து தாராபுரம் பஸ் வந்தது. கோழிகளுக்கு நின்று, அத்தை இருந்த இடத்தில் ஒரு ஹாரன் அடித்து, கோட்டருகே வந்து நின்றது. குழந்தைவேல் முன்படியில் ஏறிக்கொண்டான். பின்படியிலிருந்து, முன்பு முதல் வளைவில் நேராகப் போன பல்டாக்டர் ஹெல்மெட்டோடு இறங்கி, கோட்டைத் தாண்டி வந்து, தன்னுடைய கற்பூரம் எங்கே என்று கேட்டார். சேவியர் கையைக் காட்டினார். கொஞ்சம் தள்ளி, சுவரோரம், அது எரிந்துகொண்டிருந்தது.