சத்தம் போடாத குற்றம்

"உங்க பொண்ணு ஒரு சாரைக் கத்த வெச்சிட்டா. ஹெட்மிஸ்ட்ரஸ் மேடம் மூணு மணிக்கு வரச் சொன்னாங்க."

பள்ளி அலுவலகத்திலிருந்து இப்படிப் போன் வந்தபோது, பொம்மியின் அம்மா கண்ணாடிக் கடையில் ஒரு பெரியவரின் மூக்கில் புதுக் கண்ணாடியைப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவரிடம் கையசைத்துவிட்டு ஓரமாக நகர்ந்தாள்.

"கத்துற அளவுக்கு என்னங்க பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணலை. சாருக்குப் பின்னாடி வந்து நின்னிருக்கா."

"நின்னதுக்கா?"

"சத்தமே இல்லாம நின்னிருக்கா மேடம். அதான் கேஸு."

போனை வைத்தவளுக்குச் சிரிப்பதா, கவலைப்படுவதா என்று தெரியவில்லை. மகள் எப்படி நின்றிருப்பாள் என்பது அவள் கண்முன்னே தெரிந்தது. நிற்கக் கற்றுக்கொடுத்தவளே அவள்தானே.

பொம்மியின் அப்பாவுக்குப் பத்திரிகை அச்சகத்தில் வேலை. ஊர் தூங்கும்போது அவர் மெஷின் ஓட்டுவார். ஊர் எழுந்ததும் வந்து படுப்பார். அதனால் அந்த வீட்டில் பகல்தான் ராத்திரி. நாற்காலிக் கால்களுக்குப் பழைய சாக்ஸ் மாட்டியிருந்தது. கதவுக் கீல்களுக்கு வாரம் தவறாமல் எண்ணெய். மிக்ஸி அரைப்பதெல்லாம் அவர் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்துவிடும். பசி, தண்ணீர், ரிமோட் எங்கே என்பதையெல்லாம் அம்மாவும் மகளும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். பொம்மி பாதத்தின் ஓரத்தை முதலில் ஊன்றி நடப்பாள். தும்மல் வந்தால் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துத் தும்முவாள். அப்படி வளர்ந்த பிள்ளை ஒரு வாத்தியாருக்குப் பின்னால் போய் நின்றால், அவருக்கு எப்படித் தெரியும்?

கவலை அதுவல்ல. இப்படி ஒரு குற்றத்துக்காகப் பள்ளி நாடகத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிவிட்டால் என்ன செய்வது? நாடகத்தில் பொம்மிக்கு இடி வேஷம். வேஷம் என்றால் வேஷமில்லை. மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் பெரிய தகரத் தகட்டை, ராஜா காட்டில் நனையும் காட்சியில் அடிக்க வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பொம்மி பூரித்துப்போய், "அம்மா, நான்தான் இடி, நான்தான் இடி" என்று காதோடு காதாகக் கிசுகிசுத்துக்கொண்டு ஒரு வாரமாக வளைய வந்தாள்.

கடைக் கோட்டைக் கழற்றி வைக்க வீட்டுக்குப் போனாள். சமையலறையில் நின்று ஒரு பெருமூச்சு விட்டாள். திரும்பிப் பார்த்தால் வாசலில் கணவர், தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவர், கலைந்த தலையோடு.

"என்னாச்சு?" என்றார். மெஷின் சத்தத்தோடு போட்டி போட்டுப் பழகிய தொண்டை. அவர் ரகசியம் சொன்னாலே எதிர்வீட்டில் பதில் வரும்.

"ஒண்ணுமில்லைங்க. நீங்க தூங்குங்க."

"ஒண்ணுமில்லாததுக்கு இந்தப் பெருமூச்சா? சட்டையை எடு, நானும் வரேன்."

தலைமை ஆசிரியை அறைக்கு வெளியே பொம்மி சுவரோடு சுவராக நின்றிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவள் கை தானாகவே "தூங்கலையா?" என்று கேட்டது. மூவருமாக உள்ளே போனார்கள்.

தலைமை ஆசிரியை குனிந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கையில் டீ. பக்கம் திருப்ப நிமிர்ந்தவர், மேஜைக்கு எதிரே மூன்று பேர் நிற்பதைக் கண்டு தூக்கிவாரிப்போட்டு, டீயில் பாதியைக் கையெழுத்துக்கு மேலேயே ஊற்றினார்.

"எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் மேடம்."

"கதவு?"

"திறந்துதான் வந்தோம் மேடம். சாத்திட்டோம்."

தலைமை ஆசிரியை கதவைப் பார்த்தார். அது கிறீச்சிடாமல் திறந்ததாக அந்தப் பள்ளியின் வரலாற்றிலேயே கிடையாது. டீயைத் துடைத்தபடி அறிவியல் சாருக்கு ஆளனுப்பினார்.

நாடகத்தைப் பார்த்துக்கொள்பவரும் அறிவியல் சார்தான். முறுக்கிய மீசையும் வாட்டசாட்டமுமாக வந்தவர், உள்ளே வந்ததும் பொம்மி எங்கே நிற்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

"போர்டுல எழுதிட்டு இருந்தேன் மேடம். திரும்பறேன், மூக்குக்கு நேரா இவ நிக்கறா. கையில ஹோம்வொர்க். 'அம்மா'ன்னு கத்திட்டேன். இப்ப வராண்டாவுல எவனைப் பார்த்தாலும் என்னைக் கண்டதும் 'அம்மா'ங்கறான். டிசிப்ளின்னு ஒண்ணு இருக்கில்ல? அதான் நாடகத்துலருந்து நீக்கிட்டேன்."

"கத்தினது யாரு சார்?" என்று பொம்மியின் அப்பா கேட்டார். மேஜைமேல் இருந்த பேனாவே அதிர்ந்தது.

"நான்தான்."

"தண்டனை?"

"அவளுக்கு."

தலைமை ஆசிரியைக்குத் திடீரென்று இருமல் வந்தது. கர்சீப்புக்குள் வெகுநேரம் இருமினார். பிறகு, "ஏம்மா, பொண்ணு ஏன் இப்படிப் பூனை மாதிரி நடக்கறா?" என்றார்.

பொம்மியின் அம்மா சொன்னாள். நைட் ஷிஃப்டைச் சொன்னாள், சாக்ஸ் மாட்டிய நாற்காலிகளைச் சொன்னாள். "அவருக்குச் சின்னச் சத்தம்கூட ஆகாது மேடம். அதனால இப்படியே வளர்த்துட்டேன். தப்பு எம்மேலதான்."

"யாருக்கு ஆகாது?" என்றார் கணவர்.

"உங்களுக்குத்தான்."

"எனக்கா? நான் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துல ஓடற மெஷினுக்குப் பக்கத்துலயே பேப்பரை விரிச்சுத் தூங்கறவன். இடிச்சு எழுப்பினாத்தான் எழுந்திருப்பேன்."

"கல்யாணமான புதுசுல நான் தட்டைக் கீழ போட்டப்ப, தலையைப் பிடிச்சுட்டு 'மெதுவா'ன்னு சொன்னீங்களே."

"அன்னைக்குப் பல்வலி. தட்டு கால்ல விழுந்துடுமோன்னு சொன்னேன்." அவர் தலையைச் சொறிந்தார். "நீங்க எல்லாம் அமைதியான குடும்பம்போலன்னு நினைச்சேன். நாம ஒருத்தன் மட்டும் இரைஞ்சு பேசறோமேன்னு வீட்டுல எனக்கு எவ்வளவு கூச்சம் தெரியுமா? கல்யாணத்துக்கு முன்னாடி நீ வீடு அதிரப் பாடுவேன்னு உங்கக்கா சொன்னாங்க. ஏன் இப்பப் பாடறதில்லைன்னு கேக்கணும்னு இருந்தேன். கேட்டா சங்கடப்படுவியோன்னு விட்டுட்டேன்."

இத்தனை வருஷமாக இந்த மனுஷனுக்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவரோ அவளுக்காகக் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தார். கோபம்தான் வர வேண்டும், ஆனால் வரவில்லை. வேறு யாரும் இல்லாமலிருந்தால் அவர் தோளில் ஓர் அடி வைத்திருப்பாள்.

பொம்மி மட்டும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப நான் தலையணைக்குள்ள தும்முனது?" என்று மெல்லக் கேட்டாள்.

"சார், பயமுறுத்தின கேஸை இத்தோட விட்டுடலாம்," என்றார் தலைமை ஆசிரியை. "என் டீக்கும் சேர்த்து."

"விட்டுடறேன் மேடம். ஆனா உண்மையைச் சொல்லணும் இல்ல? இடி விஷயத்துல எனக்கு வேற கஷ்டம். இந்தப் பொண்ணு தகரத்தை அடிக்கலை, தடவிக் கொடுக்குது. ராஜா நனையறாரா, தூங்கறாரான்னு தெரியலை. கோபத்துல எடுத்த முடிவுதான், ஆனா தப்பான முடிவுன்னும் சொல்ல முடியாது."

பொம்மியின் முகம் விழுந்துவிட்டது. சார் கத்தியதற்காக நீக்கினால் அநியாயம் என்று அழலாம். அடிக்கத் தெரியவில்லை என்று நீக்கினால் என்ன சொல்வது?

"ஒரு தடவை பார்த்துடலாமே சார்," என்றார் அப்பா.

எல்லோரும் மண்டபத்துக்குப் போனார்கள். மேடையோரம் கயிற்றில் தகரம் தொங்கியது, பொம்மியைவிட உயரமாக. அவள் கட்டையை எடுத்தாள், ஓங்கினாள். கடைசி நொடியில் கை தானாகத் தளர்ந்தது. டிங் என்றது தகரம்.

"பார்த்தீங்களா?" என்றார் சார், இந்த முறை வருத்தமாகவே.

"அடிடா கண்ணு. நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்," என்றார் அப்பா.

மறுபடியும் டிங். பொம்மி அப்பாவைப் பார்க்கவில்லை. கீழே நின்ற அம்மாவைத்தான் பார்த்தாள். அப்போதுதான் அம்மா தன் கையைக் கவனித்தாள். ஆள்காட்டி விரல் பாதி தூரம் உதட்டை நோக்கி ஏறி நின்றது. மகள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து இந்த விரலைப் பார்த்துத்தானே ஒவ்வொன்றையும் செய்கிறாள். அப்பா ஆயிரம் சொன்னாலும், விரல் இறங்காமல் கட்டை எப்படி இறங்கும்?

விரலை மடக்கி, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அடிம்மா" என்றாள். அதுவும் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"அடிடி பொம்மி!"

மண்டபத்தின் மறுகோடியில் பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தோடு நின்றுவிட்டார். பொம்மி கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கட்டையைப் பிடித்து வீசினாள். தகரம் அதிர்ந்தது, மேடை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடிகள் கூடவே நடுங்கின. வராண்டாவிலிருந்து பிள்ளைகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தார்கள்.

"போதும், போதும். இடி உன்னோடதுதான்," என்று சார் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார். அது பொம்மியின் காதில் விழவில்லை. கண்ணைத் திறந்து ஒரு தடவை சிரித்துவிட்டு, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக இறக்கிக்கொண்டிருந்தாள்.

கணவர் அருகில் வந்து, மனைவியின் காதோரம் குனிந்து ஏதோ சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னார் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"ஒண்ணும் கேக்கலை," என்று அவள் கத்தினாள். "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்களேன்."