வால்வு மாட்டிய பிறகு கேட்ட ரீங்காரம்

பாட்டு சப்பென்று இருக்கிறது என்று அச்சக மெஷின்காரருக்கு வெகுநாளாகவே குறை. அதே ட்ரான்சிஸ்டர் ஆம்ப், அதே ஸ்பீக்கர்கள். ஆனால் பாடுகிறவர்கள் எல்லோரும் கம்பளிக்குள் தலையை விட்டுக்கொண்டு பாடுகிற மாதிரி இருந்தது. ஒரு பாட்டையும் அவர் முழுசாகக் கேட்பதில்லை. பாதியில் எழுந்து வயரைத் திருகுவார், ஸ்பீக்கரை நகர்த்துவார், உட்காருவார், மறுபடி எழுவார்.

"நடுவுல ஒரு வால்வு ப்ரீஆம்ப் போட்டுப் பாருங்க மாமா. ஆம்பை மாத்தவே வேண்டாம். குரல்ல ஒரு கதகதப்பு வரும்," என்ற மைத்துனன், சொன்ன கையோடு தன்னிடமிருந்த பெட்டியையே கொண்டுவந்து கொடுத்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சிடி ப்ளேயருக்கும் ஆம்புக்கும் இடையில் அதை இணைத்தார். வால்வுகளான கண்ணாடிக் குழல்கள் இரண்டும் மெல்லச் சிவந்தன. முதல் பாட்டில் அவர் முகம் மலர்ந்தது. பாட்டு முடிந்ததும் சுருங்கிப்போனது. கொய்ங் என்று மெல்லிசாக ஒரு ரீங்காரம்.

"கேக்குதா?"

மனைவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். "எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"ஆஸ்பத்திரியில ஊரார் காதையெல்லாம் சோதிக்கிற. இது கேக்கலையாக்கும்."

வால்வுகளை இடம் மாற்றிச் செருகினார். வயரை மாற்றினார். வேறு ப்ளக்கில் போட்டார். ஃபேனை நிறுத்தினார். ஃப்ரிட்ஜை நிறுத்தப் போனபோது, "உள்ள பால் இருக்குங்க," என்றாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் பொறுமை போய், வீட்டுக்கே மெயினை இறக்கினார்.

குழல்கள் கறுத்தன. வீடு மொத்தமும் அடங்கியது. ரீங்காரம் அடங்கவில்லை.

ஸ்விட்ச் போர்டில் கை வைத்தபடியே நின்றார். "அது நிக்கல," என்றார்.

அவள் பக்கத்தில் வந்தாள். "டிவி சத்தத்த நீங்க ஏத்துறதும் நான் இறக்குறதுமா இருந்தப்பவே காதைச் சோதிக்கக் கூப்பிட நெனச்சேன். எரிஞ்சு விழுவீங்களேன்னு விட்டுட்டேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாங்க."

மறுநாள் சத்தம் புகாத கூண்டில் ஹெட்ஃபோனோடு உட்காரவைத்தாள். ஒலி கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் கேட்கவேயில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் கை அசையும்போதெல்லாம் அழுத்தினார். அவள் எழுந்து வந்து நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பட்டனை அழுத்தவே வழியில்லை.

கீச்சென்ற உச்ச ஒலிகள் இரண்டு காதிலும் போய்விட்டன, ரீங்காரமும் காதுக்குள்ளிருந்துதான், எல்லாம் மெஷின் இரைச்சல் செய்த வேலை, போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அன்றே அச்சகத்துக்குக் காதுக்கவசம் வாங்கினார்கள்.

சாயங்காலம் மைத்துனனிடம், "பெட்டியில குத்தமில்லப்பா. பாட்டு ஓடினா அந்தச் சத்தம் கொஞ்சம் அமுங்குது, இருக்கட்டும்," என்று போனில் சொன்னார். பிறகு ஒரு பாட்டைப் போட்டுவிட்டு மனைவியைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"உச்சத்துல என்னல்லாம் கேக்குது, சொல்லு."

"பின்னாடி ஜாலரா மாதிரி ஒண்ணு. மணிமணியா."

"இப்பவா?"

"இல்ல. இருங்க... இப்ப."

எழுந்து ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தார். ஜன்னல் வரை நடந்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார், கால் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது.

"நிறுத்தாத. சொல்லிக்கிட்டே இரு."