பேஸ் இல்லாமல் எட்டுக் கல்யாணம்

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போன வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு, கையில் ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரியோடு வீட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன். அப்போது வந்து மேலே விழுந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. எழுதினால் தீருமா என்று பார்க்கிறேன்.

நான் எழுதிய முதல் வரி இது: 'கிளாத்தென் ஊர்க் கல்யாணப் பந்தல்களில் முப்பது வருடமாக, பாக் திர்தோவின் பேஸ் கிட்டார் ஒரு நதியைப் போல…'

நதியாவது, கடலாவது! அடித்துவிட்டேன். பாக் திர்தோவுக்கு அறுபத்து மூன்று வயது. வாரநாளில் அரிசி ஆலையில் எடை பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழுவில் பேஸ் வாசிப்பார். இவ்வளவு போதும்.

நான் மேடான் நகரத்துத் தமிழன், பதினெட்டு வருடமாக இந்த ஜாவா ஊரின் மருமகன். ஐந்து பேர் குழுவில் எனக்குக் கீபோர்டு. ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் பிடிக்கத் தெரியும் என்பதால் ஒயர், பிளக், சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப் எல்லாவற்றுக்கும் வைத்தியனும் நானே.

2.

ஜனவரியில் அவருடைய ஆம்ப் கரகரத்தது. ஆம்ப்பும் இரண்டு பத்து அங்குல ஸ்பீக்கரும் ஒன்றாக அடங்கிய பெட்டி அது. இரண்டு விரலால் ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை, அதாவது கோனை, மெல்ல அமுக்கினேன். கீழ் ஸ்பீக்கர் மண் அரைப்பதுபோல் உரசியது. கழற்றி மோந்தால் கருகிய வாடை. உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எரிந்துவிட்டது.

பக்கத்து ஊரான சோலோவில், பழைய சாமான் சந்தையில் அதே அளவில் ஒன்று வாங்கினேன். மீட்டர் வைத்து எட்டு ஓம்தானா என்று மூன்று முறை பார்த்தேன் (இந்தப் பெருமையை நீக்க வேண்டும் என்று தெரிகிறது. மனம் வரவில்லை). சிவப்பு ஒயரைச் சிவப்புப் பொட்டு வைத்த முனையில் பற்றவைத்தேன். கடைசியாக, பேட்டரியை முனைகளில் ஒரு நொடி தொட்டு, இரண்டு கோனும் ஒரே மாதிரி வெளியே தள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைத்தான் நான் செய்யவில்லை.

ஏன் என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாக் திர்தோ, "ஒண்ணும் அவசரமில்ல மாஸ், மெதுவா செய்ங்க" என்றார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: இங்கே 'மாஸ்' என்றால் அண்ணன், 'பாக்' என்றால் ஐயா. 'அவசரமில்லை' என்றால் பயங்கர அவசரம்.]

திருகாணிகளை முடுக்கிக் கொடுத்தேன். அவர் நான்கு சுரம் வாசித்துப் பார்த்தார். ஸ்பீக்கரை மூடிய முன்வலையை ஒருமுறை தடவினார். "ரொம்ப நல்லாயிருக்கு. கை வலிச்சிருக்குமே உங்களுக்கு" என்றார். அவர் மனைவி பொரித்த சோயாக்கட்டி தெம்பேயும் சர்க்கரை தூக்கலான டீயும் கொடுத்தார்.

3.

அடுத்த கல்யாணத்தில் பேஸ் சத்தம் சோனியாக இருந்தது. விரல் கம்பியில் தட்டுகிற 'டக் டக்' வந்தது, பேஸின் கனத்த அடிச்சத்தம் வரவில்லை. எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? மனுஷனுக்கு வயசாகிவிட்டது, விரலில் வலுவில்லை என்று. டிரம்ஸ் வாசிக்கும் குந்தோரோவுக்கும் அதேதான் தோன்றியிருக்கிறது. பாடகி எண்டாங்குக்கும் அதேதான். யார் போய் அவரிடம் சொல்வது?

இடைவேளையில் அவரே கேட்டார்.

"மாஸ், பேஸ் கேக்குதா?"

"பிரமாதமா கேக்குது பாக்!"

"எண்டாங், உனக்கு?"

"ஐயோ, வயித்துல அதிருது பாக்!" என்றாள் எண்டாங். அவர் நகர்ந்ததும் என் காதருகே, "பாவம், காதும் மந்தமாயிடுச்சு போல" என்றாள்.

ஒவ்வொரு கல்யாணத்திலும் கேட்டார். ஒவ்வொரு கல்யாணத்திலும் நாங்கள் குறை வைக்காமல் புகழ்ந்தோம். எட்டாவது முடிந்ததும் ஆம்ப்பை என் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். அவர் மருமகள்தான் கொண்டுவந்தாள்.

"மாமாவுக்குக் காது சரியில்லையாம். இனிமே வாசிக்க வரலையாம். இது உங்ககிட்டயே இருக்கட்டும்னாரு."

3. (மறுபடியும்)

இந்த இடத்திலிருந்து ஒரு நல்ல கதை எழுதி வைத்திருந்தேன். மேலே சொன்ன வியாழக்கிழமைக்கு முந்தைய நாள்தான் முடித்தேன். காது மங்கும் ஒரு கலைஞர், அவர் மனம் நோகாமல் பொய் சொல்லும் நான்கு நண்பர்கள். கடைசிப் பக்கத்தில் எனக்கே கண் கலங்கியது. எங்கள் நல்ல மனதை நினைத்து.

ஆறு பக்கம். கிழித்தாயிற்று.

4.

வியாழக்கிழமை. சும்மா இருந்த ஆம்ப்பில் போனைச் சொருகிப் பாட்டுப் போட்டேன். பாட்டு வந்தது, பேஸ் இல்லை. இப்போது பாக் திர்தோவின் விரல் எங்கே, வயசு எங்கே?

முன்வலையைக் கழற்றினேன். ஒரு கோன் மேல் இந்தக் கை, இன்னொன்றின் மேல் அந்தக் கை. ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்தது. பேட்டரியை எடுத்துத் தொட்டேன். மேல் கோன் வெளியே வந்தது. நான் மாற்றிய கீழ்க் கோன் உள்ளே போனது. அந்தப் பழைய ஸ்பீக்கரில் எவனோ சிவப்புப் பொட்டை முனை மாற்றி வைத்திருக்கிறான். இது தள்ளும் காற்றை அது விழுங்க, அடிச்சத்தம் மொத்தமும் பெட்டி வாசலிலேயே செத்திருக்கிறது.

இரண்டு ஒயர். இடம் மாற்ற நான்கு நிமிடம். நல்ல காதுள்ள ஒரு மனிதரை, 'உங்களுக்குக் கேட்கவில்லை' என்று எட்டு வாரம் நாங்கள் நம்பவைத்திருக்கிறோம். அவசரமாக ஒயரைக் கழற்றும்போது, சால்டரிங் நுனி கட்டைவிரலில் பட்டு

(இந்த வாக்கியம் முடியவில்லை. விரலை உண்மையாகவே சுட்டுவிட்டது.)

5.

ஒயரை மாற்றியபின் மூன்று முடிவுகள் யோசித்தேன். ஒன்று: யாரிடமும் சொல்லாமல் ஆம்ப்பைக் கொண்டுபோய் வைத்து, 'வாசிச்சுப் பாருங்க' என்பது. காது திரும்பிவிட்டதாக அவர் சந்தோஷப்படுவார். கோழைத்தனம். இரண்டு: சந்தையில் ஏமாற்றிவிட்டார்கள் என்று பழியைத் தூக்கி அங்கே போடுவது. அதற்கு வசனம்கூட எழுதிவிட்டேன். மூன்று: உள்ளதைச் சொல்வது. இந்த ஊரில் யாரும் செய்யாத காரியம்.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஆம்ப்பை பைக்கில் கட்டிக்கொண்டு மதியம் போனேன். அவர் வாசலில் கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தார்.

"பாக், தப்பு என்னுது. சோதிச்சுப் பாக்காமலே ஒயரைப் பத்தவெச்சிட்டேன், அது மாறிப்போச்சு. உங்க காதுக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்கும் பேஸ் கேக்கல. கேக்குதுன்னு பொய் சொன்னோம்."

அவர் கையைக் கழுவித் துடைத்தார்.

"தெரியும் மாஸ்."

"என்ன தெரியும்?"

"நீங்க மாட்டிக் குடுத்த அன்னிக்கே தெரியும். ராத்திரி வலையக் கழட்டி கைய வெச்சுப் பாத்தேன். ஒண்ணு வருது, ஒண்ணு போகுது."

பைக்கில் கட்டியிருந்த ஆம்ப்பைத் திரும்பிப் பார்த்தேன்.

"அப்ப ஏன் பாக் சொல்லல?"

"அவ்வளவு பாடுபட்டு மாட்டுனீங்க. வேலை தப்புன்னு உங்க மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? அதான் கேக்குதா கேக்குதான்னு கேட்டேன். யாராவது ஒருத்தர் இல்லன்னு சொன்னா, அப்ப ஆம்ப்பைத் தெறந்து பாக்கலாமேன்னு பேச்சை ஆரம்பிச்சிருப்பேன்."

6.

இந்த ஆளை நான் எழுதியிருந்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நானே நம்பமாட்டேன். ஒரு ஒயரைப் பற்றிச் சொல்ல வாய் வராமல் எட்டுக் கல்யாணத்தில் சத்தமே இல்லாமல் வாசித்த மனிதரை எந்த ஆசிரியர் துணிந்து படைப்பார்? ஆனால் அவர் பேசி முடிக்கவில்லை.

"அதுக்காக நான் வாசிக்கிறத நிறுத்தல மாஸ். எட்டுக் கல்யாணம் பேஸ் இல்லாமலே நடந்துச்சு. பொண்ணு மாப்பிள்ள சிரிச்சாங்க, ஜனம் ஆடுச்சு, எண்டாங் பாடுனா. ஒருத்தர்கூட தேடல. அப்ப முப்பது வருஷமா நான் என்னத்த வாசிச்சேன்?"

"அப்படியெல்லாம் இல்ல பாக்…"

"நீங்க பக்கத்துலயே நின்னீங்க. நீங்க தேடுனீங்களா?"

7.

இந்தப் பகுதியை ஒன்பது முறை எழுதிவிட்டேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் தேடவில்லை. இரண்டாவது கல்யாணத்திலிருந்து என் இடது கை தானாகவே கீபோர்டில் கீழே இறங்கி, அவர் வாசிக்க வேண்டிய சுரங்களை வாசிக்க ஆரம்பித்திருந்தது. பாட்டு நிறைந்துவிட்டது. நன்றாகக்கூட இருந்தது. அவர் என் கையைப் பார்த்துக்கொண்டுதான் நின்றிருக்க வேண்டும்.

'இல்லை' என்று சொன்னால் அது உண்மை. அவர் இனி கிட்டாரைத் தொடமாட்டார். 'தேடினேன் பாக்' என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நேரத்துக்கு வந்து நிற்பார். நம்பி அல்ல, என் முகம் வாடக்கூடாதே என்று.

அவர் இன்னும் என் முகத்தைப் பார்த்தபடி நிற்கிறார். நான் வாயைத் திறந்துவிட்டேன். என்ன சொல்லட்டும்? நீங்கள் எழுதுங்கள்.

"____________________ பாக்."