இனாமாகக்கூட வேண்டாத பாட்டு

சாலமன் தீவுகளின் ஹோனியாரா சந்தையில் செல்போனுக்குப் பாட்டு ஏற்றித் தரும் கடையில், மனைவி டோர்காஸின் பின்னால் பாக்கு மென்றபடி நின்றான் சைலஸ். அவள் கேட்டதெல்லாம் புது ரெக்கே பாட்டுகள். பத்துப் பாட்டு ஐந்து டாலர்.

"அக்கா, மூங்கில் குழாயத் தட்டி வாசிக்கிற பழைய பேண்டு பாட்டு ஒண்ணு இனாமாப் போட்டுத் தரேன்," என்று கடைக்காரன் ஒலிக்கவிட்டான். விலைக்குப் போகாமல் இனாமில் தள்ளிவிடப்பட்ட அந்தப் பாட்டைப் பாடியது சைலஸ்தான். டோர்காஸுக்காகவே கட்டிய பாட்டு.

"ஐயோ, வேணாம் தம்பி. சும்மா எடத்த அடைக்கும்."

சைலஸ் சிவப்பாகத் துப்பினான். "இதக் கேட்டுத்தானேடி, உங்கப்பனுக்கு நான் பரிசமாச் சிப்பிக்காசு குடுக்கறதுக்கு முன்னாடியே எங்கூட ஓடி வந்தே?"

"ஆமா," என்றாள் டோர்காஸ். "அன்னைக்குக் கேக்க வேற பாட்டு ஏது?"